பந்தல் பிரித்த பிறகும் இருந்த எஸ்தர் அக்கா

பால்ராஜ் என் கடை வாசலில் வந்து நின்றபோது நான் ஒரு தோட்டக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொடுத்த பம்ப்செட் மோட்டார் மறுபடி எரிந்துவிட்டது என்று அவர் கத்த, லோ வோல்டேஜில் ஓட்டிவிட்டுப் பழியை என் தலையில் போடாதீர்கள் என்று நான் கத்த, கடையே சந்தையாக இருந்தது. பால்ராஜ் உள்ளே வரவில்லை. பட்டாசு வேலைக்கு ஒரு நாள் மட்டம் போட்டு, சிவகாசியிலிருந்து பஸ் ஏறி விருதுநகர் வந்து நிற்கிறார் என்றால் போனில் சொல்லக்கூடாத சேதி. “அக்கா போயிட்டாக, மெக்கானிக்கண்ணே” என்றார். எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரே ஒரு அக்காதான் உண்டு. தோட்டக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவரே என் கடை ஷட்டரை இறக்கிவிட்டார்.

இதைப் படிக்கிற, எஸ்தர் அக்காவை அறிந்த நீங்கள் பலவிதமானவர்கள். திருத்தங்கலில் காலண்டர் அச்சகத்தில் அவரோடு பைண்டிங் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள். நிவாரண வேலையில் கூட இருந்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் போனவர்கள் இருக்கிறீர்கள். சபையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பிரசங்கத்தின் நடுவே அவர் கைப்பையிலிருந்து சாத்தூர் காராச்சேவு வாங்கித் தின்றவர்களும் இருப்பீர்கள், மறுக்க வேண்டாம். ஆளுக்கொரு எஸ்தர் அக்கா உங்களிடம் இருப்பார். என்னிடம் இருப்பவர் சண்டைக்காரி. அவரைப் பற்றித்தான் எனக்கு எழுதத் தெரியும்.

கடலில் பேரலை வந்த அந்த வருடம், தீபாவளிக்கு முந்தைய சீசனில், விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் குடோன் வெடித்து அதன் பின்னால் இருந்த லைன் வீடுகள் எரிந்துபோயின. போன உயிர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. மிஞ்சியவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து, பிறகு கண்மாய்க்கரைப் புறம்போக்கில் தகரக் கொட்டகை போட்டுக் குடியேற்றினார்கள். காலனி என்று நாங்கள் சொல்வது அதைத்தான், பால்ராஜ் குடும்பமும் அங்கே வந்ததுதான். ஒரு நிவாரண அமைப்பு வந்து ஆழ்துளைக் கிணறு போட்டது, தொட்டி வைத்தது, கழிப்பறைகள் கட்டியது. மோட்டாருக்கு நான், மனிதர்களுக்கு எஸ்தர் அக்கா என்று எங்களை வேலைக்கு எடுத்தார்கள். முதல் நாளே என்னிடம், “தம்பி, உன் மோட்டார் சுவிட்ச போட்டா ஓடும். என் மோட்டாருக்கு எங்க சுவிட்ச் இருக்குனு கண்டுபிடிக்கவே நாளாகும். அதனால எங்கிட்ட வந்து சீக்கிரம் சீக்கிரம்னு நிக்கப்படாது” என்று சொல்லிவிட்டார். நான் அன்று முதலே சீக்கிரம் சீக்கிரம் என்றுதான் நின்றேன்.

தொட்டி விவகாரத்தைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. குடிநீருக்கென்று மேடை கட்டி, குழாய்கள் வைத்து, பெரிய இரும்புத் தொட்டி ஒன்றை ஏற்றினோம். அதற்கு அடிக்க யாரோ லாரி பட்டறைக்காரர் பெயிண்ட் தர்மமாகக் கொடுத்தார். வாங்கிவந்தது அக்கா. நல்ல பளபளப்பான சிவப்பு. தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டோம். ஒருவரும் வரவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்காட்டைத் தாண்டி ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போனார்கள். தண்ணீர் உப்பாக இருக்கிறதோ என்று நான் குடித்துப் பார்த்தேன், இனிப்பாகத்தான் இருந்தது. மருந்து வாசனை பிடிக்கவில்லையோ என்று அமைப்பின் டாக்டர் வந்து குளோரின் பற்றி ஒரு சொற்பொழிவு நடத்தினார். எல்லோரும் பணிவாகக் கேட்டுவிட்டு, குடத்தோடு தோட்டத்துக்குப் போனார்கள். அக்கா அவர்கள் முன்னாலேயே ஒரு சொம்பு பிடித்து மடமடவென்று குடித்துக் காட்டினார். பால்ராஜின் மனைவி முருகேஸ்வரி அதைப் பார்த்துத் திடுக்கிட்டு அக்காவின் கையைப் பிடித்துவிட்டாள்.

“என்னக்கா இப்பிடிச் செய்றீக? தீயணைக்க வச்ச தண்ணிய யாராச்சும் குடிப்பாகளா?”

எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் சிவப்பு வாளி தொங்கும். ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். நாக்கு வறண்டு செத்தாலும் அந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. தொட்டால் போர்மேன் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள், அதிலும் இப்போதுதான் தீயில் எல்லாவற்றையும் தொலைத்தவர்கள், சிவப்புத் தொட்டியைப் பார்த்து என்ன நினைப்பார்கள்? நல்ல ஏற்பாடு, இனி தீப்பிடித்தால் பயமில்லை என்று நினைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கிட்டே போகாமல் காவல்கூடக் காத்திருக்கிறார்கள். அக்கா மேடையிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், முருகேஸ்வரியும் சிரித்தாள், என்னமோ அந்தத் தீக்குப் பிறகு காலனியில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். “நானும் இதே ஊருக்காரி. சும்மா கெடைக்குதேனு வாங்கினேம் பாரு, எனக்கு இது வேணும்” என்று தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டார். மறுநாள் பெண்கள் எல்லோரும் சேர்ந்து தொட்டிக்கு நீலம் அடித்தார்கள். அக்காவின் நல்ல சுங்குடிச் சேலை ஒன்று அதில் பாழானது.

கழிப்பறைக் கதை வேறு மாதிரி. அங்கே ஆட்கள் போகாததற்குக் காரணம் உள்ளே இடம் இல்லாததுதான். சிமெண்ட் தரை, ஒழுகாத கூரை என்று காலனியில் இருந்தது கழிப்பறைகள் மட்டும். பட்டாசுக்காக வீட்டிலிருந்தே உருட்டிக் கொடுக்கிற, மருந்து அடைக்காத வெறும் காகிதக் குழாய்களைத் தகரக் கொட்டகையில் வைத்தால் மழையில் நமத்துப்போகும், கம்பெனி எடுக்காது. ஆகவே குழாயெல்லாம் கழிப்பறையில், ஆட்களெல்லாம் கண்மாய்க்கரையில். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அக்காவோ மிஞ்சிக் கிடந்த தகரத்தையும் கருங்கல்லையும் கேட்டு வாங்கி, குழாய் வைக்க மேடை போட்ட கொட்டகை ஒன்று கட்டவைத்தார். கழிப்பறைகள் காலியாயின. அடுத்த சண்டை அவற்றை யார் கழுவுவது என்பதில் வந்தது. அதற்கென்று இருக்கிற தெருவிலிருந்து ஆள் கூப்பிடலாமே என்று சிலர் சாதாரணமாகச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் அக்கா கோபப்பட்டு நான் முதன்முதலாகப் பார்த்தேன். “போறது நீ, கழுவுறது இன்னொருத்தனா? அப்ப கண்மாய்க்கே போ” என்றார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவரே முதல் முறையைச் செய்தார். வெட்கப்பட்டு இரண்டு பேர் கூட வந்தார்கள். மற்றவர்கள் வர வெகுநாளாயிற்று.

இப்படியாக ஒரு ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தபோதுதான் கடலில் அலை எழுந்தது. கிறிஸ்துமஸுக்கு அக்கா காலனிக்குக் கொண்டுவந்த முறுக்கு இன்னும் தீரவில்லை, மறுநாள் எல்லோரும் டிவி பெட்டி முன்னால் நின்றார்கள். அமைப்பின் வண்டிகள் எல்லாம் நாகப்பட்டினம் பக்கம் திரும்பின. அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை, அங்கே இருந்தது அப்படிப்பட்ட துயரம். ஒருங்கிணைப்பாளர் நல்ல மனிதர். எங்கள் இருவரையும் கடற்கரைக்கு வரச் சொன்னார், சம்பளமும் கூட. இங்கே காலனிக்குப் பட்டா வந்ததும் தண்ணீர் ஏற்பாட்டை ஊராட்சி ஏற்கும் என்றார். பட்டா வர நாளாகும் என்பது அவருக்கும் தெரியும். அக்கா அவருக்குக் காராச்சேவு கொடுத்து, சுகமாகப் போய் வாருங்கள் என்று வழியனுப்பிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“கல்யாணம் முடிஞ்சுச்சுனு பந்தக்காரன் பந்தலப் பிரிச்சுட்டான். அவனுக்கு அடுத்த வீட்டுல முகூர்த்தம். குடித்தனத்த யாருலே நடத்துறது?”

நான் விருதுநகரில் பூட்டிக் கிடந்த என் காயில் கட்டும் கடையைத் திறந்தேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் காலனிக்குப் போனேன். அக்கா அச்சகத்துக்குத் திரும்பினார். பகலில் காலண்டரின் தலையில் தகரப் பட்டை அடிப்பார், சாயங்காலம் பஸ் பிடித்துக் காலனிக்கு வருவார். இந்த ஊரில் எல்லா வேலைக்கும் சீசன் உண்டு, உங்களுக்கு மட்டும் ஏன் வருஷம் முழுக்க ஓட்டம் என்று கேட்டேன். “தாகத்துக்கு ஏது தம்பி ஆஃப் சீசன்?” என்றார். வீட்டுக்கு வீடு முறை வைத்து மோட்டார் போடப் பழக்கினார். கரண்டு பில்லுக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு போட வைத்தார், அந்தக் காசைத் தன் கையால் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு சொல் மட்டும் அவரைப் பாடாய்ப் படுத்தியது. காலனிக்காரர்கள் அதைக் ‘கம்பெனி மோட்டார்’ என்றார்கள். இங்கே மேலே இருந்து எது வந்தாலும் கம்பெனிதான். வேலை கொடுப்பது கம்பெனி, நிவாரணம் கொடுத்ததும் கம்பெனி. அது உடைந்தால் சரிசெய்ய வேண்டியதும் கம்பெனி. “எந்தக் கம்பெனி தாயி? அவுகதான் போயிட்டாகளே” என்று அக்கா கேட்பார். சரிக்கா என்பார்கள், மறுநாள் கம்பெனி மோட்டார் என்பார்கள்.

சித்திரை வெயிலில் அந்த மோட்டார் எரிந்தது. பால்ராஜ் என் கடைக்கு வந்து, கம்பெனி மோட்டார் நின்றுவிட்டது, வந்து பாருங்கள் என்றார். நான் சாமான் பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அக்கா வாசலில் நிற்கிறார். அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு என்னைத் தடுக்கவென்றே வந்திருக்கிறார். பால்ராஜை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நீ போகக்கூடாது என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பையைத் தரையில் போட்டேன். பச்சைப் பிள்ளைகள் இருக்கிற இடம், அக்னி நட்சத்திரம், தண்ணீர் இல்லை, இதில் என்ன வைராக்கியம் என்று கத்தினேன். அக்கா கத்தவில்லை.

“நீ இன்னைக்குப் போய்க் கட்டிக் குடுத்துட்டேனா, அது கம்பெனி மோட்டாராவே இருக்கும். அடுத்த தடவை எரியும்போது நீயும் இருக்க மாட்ட, நானும் இருக்க மாட்டேன். அப்ப இந்தப் பிள்ளைகளுக்கு யாரு தண்ணி குடுப்பா, சொல்லு.”

அது நியாயமாகப் பட்டதால் என் கோபம் அதிகமானது. நான் காலனிக்குப் போகவும் இல்லை, அவரோடு பேசவும் இல்லை. அவர் நேரே காலனிக்குப் போய் முருகேஸ்வரியின் கொட்டகையில் தங்கிக்கொண்டார். பெண்களோடு குடம் தூக்கி முள்ளுக்காட்டைத் தாண்டித் தோட்டத்துக் கிணற்றுக்கு நடந்தார். ஏற்கெனவே முட்டி வலிக்காரர். யாராவது மெக்கானிக்கண்ணன் ஏன் வரவில்லை என்று கேட்டால், அவன் கடை வச்சிருக்கான், மோட்டாரைக் கொண்டு போனா கட்டிக் குடுப்பான் என்று மட்டும் சொல்வாராம். கிணற்றுக்குள் இருக்கிற மோட்டாரை எப்படித் தூக்குவது என்று கேட்டால், அது எனக்கும் தெரியாது என்பாராம்.

அப்புறம் அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் முருகேஸ்வரியின் மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அக்காதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிவகாசி பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார். கேள்விப்பட்டு நானும் போனேன். பிள்ளைக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. முருகேஸ்வரி கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அக்கா வராந்தா தூண் ஓரம் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். இப்போதாவது போகட்டுமா என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நாளைக்கு ஒரு நாள் பொறுலே. நாளைக்கும் அவுக மோட்டார மேல எடுக்கலேனா நானே வந்து உன்னயக் கூட்டிட்டுப் போறேன். நான் தோத்துட்டேனு சொல்லி அவுக முன்னாடி நிக்கிறேன்” என்றார். பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் அவர் அதன் பிறகு உயிரோடு இருந்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவர் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் முழு மனதாக என்னால் சொல்ல முடியவில்லை. அவரும் ஒருநாளும் அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

மறுநாள் மத்தியானம் என் கடை முன்னால் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. பின்னால் சாக்கு விரித்து, அதன்மேல் மோட்டாரைக் கிடத்தி, அதை ஒரு கையால் பிடித்தபடி முருகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குத் தேவலை, தாத்தா வீட்டில் விட்டிருக்கிறேன் என்றாள். முந்தின ராத்திரி பிள்ளைக்கு அக்காவைத் துணை வைத்துவிட்டு இவள் காலனிக்கு ஓடியிருக்கிறாள். போர்வெல் போடுகிறவரிடம் மூன்றுகால் கம்பமும் சங்கிலியும் இரவல் கேட்டு, வேலை முடிந்து வந்த ஆண்களும் பெண்களுமாகக் கயிறு பிடித்து, குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி மேலே எடுத்திருக்கிறார்கள். அவள் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடம் இருந்தது. நான் வேண்டுமென்றே, சீட்டில் யாருடைய மோட்டார் என்று எழுதுவது என்று கேட்டேன்.

“எங்க மோட்டாருண்ணே” என்றாள் எரிச்சலாக. “இதென்ன கேள்வி? சட்டுனு கட்டுங்க. கம்பிக்கு அதிகமாப் போட்டீகனா வேற கடை பாத்துக்குவோம்.”

அந்தப் பேரம் என்னை அவ்வளவு சந்தோஷப்படுத்தியது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வேலைக்குப் போயிருந்த அக்காவுக்கு உடனே அச்சகத்துக்குப் போன் போட்டு, அவள் சொன்னதைச் சொன்னேன். அந்தப் பக்கம் மிஷின் சத்தமாக இருந்தது. அதற்கு மேலே குரலை உயர்த்தி, “நல்லா இறுக்கிக் கட்டுலே” என்றார்.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு எங்களைக் காலனிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். குழாய் உருட்டும் கம்பி, கத்தரி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். அக்கா எதையும் பார்க்காமல் நேரே மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குப் போனார். அதிலும் பெரிய பொட்டு, கதம்பச் சரம். “போன வருசம் எல்லாத்துக்கும் பொட்டு வச்சாக, இதுக்கு மட்டும் வைக்கல. பாத்தியா நீ?” என்றார். பார்க்கவில்லை. விபூதி பூசுகிற நான் கவனிக்காததை, ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவப் பெண் ஒரு வருடமாக மனசுக்குள் வைத்துக் காத்திருக்கிறார். அவுல் பொரியை வாய் நிறையப் போட்டுக்கொண்டு அன்று முழுக்க அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

பிறகு பட்டா வந்தது. சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு எத்தனை தடவை மனுவோடு போனார்கள் என்று முருகேஸ்வரியைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வாள். ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இணைப்பும் வந்தது. ஆனாலும் பழைய மோட்டாரைக் கைவிடவில்லை. மேலிருந்து வருகிற தண்ணீர் ஒரு நாள் வராமலும் போகலாம் என்பது அவர்களுக்கு இப்போது தெரியும். அக்காவுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்தது. தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். “ஊருக்கெல்லாம் தண்ணி தண்ணினு அலைஞ்சேன், எனக்கு ஒரு தம்ளர்ல கோடு போட்டுட்டாக தம்பி.” நான் சிரிக்கவில்லை. அதற்கும் என்னைத் திட்டினார்.

திருத்தங்கல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். காலனி மொத்தமாக வந்திருந்தது. முருகேஸ்வரியை மட்டும் காணோம். அன்றைக்கு அவள் வீட்டு முறையாம், மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் வருகிறாள் என்றார் பால்ராஜ். பாதிரியார் காத்திருந்தார். அவள் ஈரச் சேலையோடு வந்து சேர்ந்து, ஒரு கைப்பிடி மண் போட்டாள். அழுத அழுகையில் அவளை இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது. நான் தூரத்தில் நின்றேன். அக்கா இருந்திருந்தால், என்னலே அங்கன நிக்கிற, கிட்ட வா என்று சொல்லியிருப்பார்.

சில நாள் கழித்துக் காலனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. முருகேஸ்வரி. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று ஆரம்பித்தாள். துக்கமோ என்னமோ, அவள் முடிப்பதற்குள் நான் சாமான் பையைத் தோளில் மாட்டிவிட்டேன், இதோ வருகிறேன் என்றேன்.

“நீங்க எதுக்கு வரணும்? வால்வு போயிருந்துச்சு, மாத்தியாச்சு. தண்ணி ஏறுது.”

அப்புறம் எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டேன். கேட்ட விதம் கொஞ்சம் கடுப்பாகத்தான் இருந்திருக்கும்.

“சும்மாதாண்ணே. எதுனாலும் எல்லாம் முடிச்சுட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லுவோம். இப்ப யாருகிட்டச் சொல்ல?”

அக்கா என்ன சொல்வார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லமாட்டார், சரி தாயி, சாப்பிட்டியா என்று கேட்பார் என்றாள். பையைத் தோளிலிருந்து இறக்கிப் பெஞ்சில் வைத்தேன். அக்காவின் உடைமைகளை அவருடைய மகள் எடுத்துக்கொண்டாள், பைபிளைச் சபையில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். எனக்கென்று எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். எல்லாம் முடிந்த பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிற அந்த வேலை எனக்கு வந்திருக்கிறது. அதை வைத்துக்கொள்கிறேன்.

சரி தாயி என்றேன். அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்தேன். முருகேஸ்வரி முந்திக்கொண்டாள்.

“சாப்பிட்டீகளாண்ணே?” என்று அவளே கேட்டாள்.